தார் பூசிய மரங்கள்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், தொண்டைக் கட்டு மட்டும்தான் என்னை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறது. அப்பாவின் கண் எப்படி இருக்கிறது? வெளிச்சம், நிழலாவது தெரிகிறதா? உன் வீட்டுக்காரிக்கு வாந்தி நின்றதா?

நீ பார்சலில் அனுப்பிய வாட்டில் மரத்துப் பட்டை வந்து சேர்ந்தது. எங்கள் சோதனைக்கூடத்து மேலதிகாரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கேருந்துமா பிடிச்ச இதை? அருமையான பட்டை" என்றார். உலர்த்தி, அரைத்து, வடித்து அளந்தேன். எடையில் மூன்றில் ஒரு பங்கு துவர்ப்புச் சத்து. பச்சைத் தோலை அழுகாமல் செருப்பாக்குவது அந்தத் துவர்ப்புதான். இந்தத் தோல் ஆலைக்கு லாரி லாரியாக வருகிற பட்டையில் பாதிக்கு இவ்வளவு தேறாது. அப்பாவிடம் சொல், தன் மரத்துக்கு யாராவது நல்ல பேர் கொடுத்தால் மனுஷன் இரண்டு நாளைக்குச் சிரித்த முகமாக இருப்பார்.

அதற்காக அந்த மரத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். அவசரமாக வளரும், அவசரமாகக் கிழடாகும். விதையின் ஓடு கல். மண்ணுக்குள் வருஷக்கணக்காகத் தூங்கும், தீ பட்டாலோ வெந்நீர் பட்டாலோ எழுந்து நிற்கும். விட்ட இடமெல்லாம் அதுவாகவே பரவும். தண்ணீர் குடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஓடைக்கரையில் வாட்டிலை எடுத்த இடங்களில் நின்றுபோன ஓடை மறுபடி ஓடியதாகப் படித்திருக்கிறேன். கிணறு வற்றிவிட்டது என்று புலம்பினாயே, திருடன் உன் வீட்டுக்குப் பின்னாலேயே வரிசை கட்டி நிற்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் எல்லோரும்.

அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

உன் தொண்டைக்கு வெந்நீர் குடி. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு ஜன்னல் எங்கே என்று தெரியும், ஜன்னலில் யார் என்று தெரியாது. அதனால் உன் கடிதத்தை வழக்கம்போல நான்தான் சத்தமாக வாசித்தேன். பட்டையைப் பற்றிக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டார். தண்ணீர் குடிக்கும் பகுதியை நான் வாசிக்கவில்லை.

வாசித்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சர்வேயர் வேலையில் ஊரெல்லாம் அளந்தவர், சொந்தமாக இடம் வாங்கியது இந்த மொட்டைச் சரிவின் அடியில். மழைக்கு மழை அடுப்படிக்குள் சேறு வந்ததாம். வாட்டில் நட்ட பிறகுதான் நின்றது என்பார். ஒரு கிளையை ஒடித்தாலும் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி.

இவளோ வயிற்றைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் குழாயிலிருந்து குடம் சுமக்கிறாள். நான் பணிமனையிலிருந்து வருவதற்குள் எல்லாம் நிரப்பி வைத்துவிடுகிறாள். "நீங்க வர்ற வரைக்கும் தாகம் காத்துக்கிட்டா இருக்கும்?" என்கிறாள். அடுத்த வாரம் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்புகிறேன். கிணற்றில் தண்ணீர் வந்த பிறகுதான் பிள்ளையோடு கூட்டி வருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு விஷயம். பணிமனையில் ஒரு ஓட்டுநர் கேட்கச் சொன்னார். அவர் தோட்டத்திலும் வாட்டில் மண்டிக்கிடக்கிறதாம். வெட்டாமல், ஆள் வைக்காமல், சத்தமில்லாமல் அதைச் சாகடிக்க வழி உண்டா?

தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே விழைகிறேன். வெந்நீர் குடித்தேன், தொண்டை கேட்கவில்லை.

உன் ஓட்டுநருக்குச் சொல். இலை சமைக்கிற சாப்பாடு வேருக்குப் போகிற வழி பட்டைதான். அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிவரப் பட்டையை உரித்துவிட்டால் போதும், வேர் பட்டினி கிடந்து சாகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல வாரம் பச்சையாகவே நிற்கும். சாகப்போகிற மரம் சில சமயம் பருவம் தப்பிப் பூத்துத் தள்ளுவதும் உண்டு. பிறகு ஒரே மூச்சில் காய்ந்துவிடும்.

அவருடைய நிலம் சமதளம்தானே? கேட்டு எழுது.

அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாளா?

அக்கா

ஜூன் 10

அக்காவுக்கு,

நீ அத்தை ஆகிவிட்டாய்! பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூக்கு உன்னுடையது, பாவம்.

பேத்தி பிறந்த செய்தி வாட்டிலுக்கும் எட்டிவிட்டது போலிருக்கிறது. சரிவு முழுக்க மஞ்சள். இலையே தெரியவில்லை, சின்னச் சின்னப் பஞ்சு உருண்டையாகப் பூ. தேனீச் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. தெருக்காரர்கள் வந்து நின்று பார்க்கிறார்கள். அப்பா பின்னறையில் படுத்தபடியே வாசனை பிடித்துவிட்டார். "இப்பதானே பூத்து முடிஞ்சுது? மறுபடி எதுக்குப் பூக்குது?" என்று கேட்டார். நல்ல வருஷம்ப்பா என்றேன்.

அடிமரத்தில் பூச்சி விழுந்த மாதிரி இருந்தது. பணிமனையிலிருந்து தார் கொண்டுவந்து எல்லா மரத்துக்கும் பூசி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதிலேயே போய்விட்டது.

இனிப்பு அனுப்ப முடியாது, கடிதத்தையே இனிப்பாக நினைத்துக்கொள்.

தம்பி

ஜூன் 18

தம்பி,

குழந்தைக்கும் தாய்க்கும் என் ஆசிகள். அவ்வளவுதான் நல்ல வார்த்தை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அந்த ஓட்டுநருக்கு முகம் இருக்கிறதா, இல்லை அவர் உன் வாயில் மட்டும் வண்டி ஓட்டுகிறவரா? பருவம் தப்பிய பூவைப் பற்றி நானே உனக்கு எழுதிவிட்டு நானே படித்துத் திடுக்கிட வேண்டியிருக்கிறது. பூச்சிக்குத் தார் என்ற வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. தாருக்கு அடியில் என்ன இருக்கிறது?

நம் சரிவில் செய்திருந்தால் கேட்டுக்கொள். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர் ஒன்றுதான். உடனே ஒன்றும் ஆகாது. செத்த வேர் ஒரு மழைக்காலத்தைத் தாங்கும். அடுத்த மழைக்குள் அழுகி நூலாகிவிடும். அப்பா பின்னறையில் படுக்கிறார். குழந்தையைக் கூட்டி வந்தால் அது எங்கே தூங்கும்?

மறுதபாலில் எழுது.

அக்கா

செப்டம்பர் 22

அக்காவுக்கு,

பணிமனையில் இரண்டு பேர் லீவு, எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அதுதான் தாமதம். உன் தொண்டை சரியாகிவிட்டது என்று பெரியம்மா மகன் சொன்னான். சந்தோஷம்.

கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது! மழைக்கு முன்னாலேயே! உறையின் கீழ்ப்படி வரைக்கும் நிற்கிறது. வாளியை விட்டால் கயிறு பாதிதான் போகிறது. கீழ்த்தெரு ஆட்கள் தங்கள் ஊற்றிலும் கசிவு கண்டிருக்கிறது என்கிறார்கள். அடுத்த மாதம் அவளையும் பாப்பாவையும் கூட்டி வருகிறேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்கின்றன. நோய் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் தடியை ஊன்றி மேலே ஏறிப்போய் ஒவ்வொரு மரத்தையும் தடவிப் பார்க்கிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. நீ எழுதினாலும் நோய் என்றே எழுது. ஓட்டுநரைப் பற்றி இனி கேட்காதே.

தம்பி

அக்டோபர் 3

தம்பி,

கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டது.

உன் கிணற்றுச் சந்தோஷத்தில் மண்ணைப் போடுகிறேன், மன்னித்துக்கொள். மரம் குடித்த தண்ணீரெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று நினைக்கிறாய்? பாதி கிணற்றில். மீதி சரிவின் வயிற்றில். ஊறின மண்ணும் செத்த வேரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இந்த மழையிலேயே புல், புதர் எது கிடைத்தாலும் நடு. வாட்டில் முளைத்தாலும் விட்டுவை. மேலே காய்ந்து நிற்பதைக் கழித்துப் பாரத்தைக் குறை. அப்பாவை முன்னறைக்கு மாற்று. முதலில் அவரிடம் உண்மையைச் சொல். கத்துவார், ஒரு வாரம் சாப்பிட மாட்டார், பிறகு சரியாகிவிடுவார்.

நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன் என்று மிரட்டலாம் என்றால், என் கடிதத்தை அவருக்கு வாசிப்பவனே நீதான். நல்ல வசதி உனக்கு.

அவள் வந்துவிட்டாளா? குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஜனவரி 11

அருமை அக்காவுக்கு,

தீர்க்கதரிசியே, வணக்கம்! மழைக்காலம் முடிந்தது. ஒரு கரண்டிச் சேறு வீட்டுக்குள் வரவில்லை. உன் சோதனைக்கூடத்தில் தோலை மட்டும் சோதித்தால் போதும்.

அவள் புழக்கடையில் நின்று தண்ணீர் இறைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஒரு வாளியைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, "குடம் தூக்குன தோளுக்கு இன்னைக்குத்தான் லீவு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாப்பா தவழப் பார்க்கிறாள். அப்பாவின் குரல் கேட்டால் போதும், சிரிக்கிறாள். பகலெல்லாம் அவர் மடியில்தான்.

நீ சொன்னபடி புல் நட்டேன். ஆடுகள் உனக்கு நன்றி சொல்லச் சொல்லின.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இனி எதற்கு? ஆறின புண்.

தம்பி

செப்டம்பர் 12

அக்காவுக்கு,

ஜனவரியில் கேலி செய்தேன் என்று கோபமா? இரண்டு வரி எழுதினாய், அதில் ஒன்று உன் கையெழுத்து. நீ நலமா? இங்கே எல்லோரும் நலம். பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பின்னறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது, அப்பா மாதிரியே அடம். மழையில் மரம் ஊறியிருக்கும் என்று தச்சரைக் கூப்பிட்டுச் சீவினோம். நான்கு நாள் சாத்தியது. மறுபடி முட்டுகிறது, இந்த முறை மேல் மூலையில். தச்சர், "கதவு சரியாத்தான் இருக்கு, நிலைதான் கோணுது" என்றார். கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வருகிறது. மேலே காய்ந்த மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, வீட்டுப் பக்கமாக, சாய்ந்திருக்கின்றன. காற்றாக இருக்கலாம்.

முன்னறைக்கு வரச் சொன்னால் அப்பா வர மறுக்கிறார். நீ ஒரு வார்த்தை எழுதேன். உன் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

தம்பி

செப்டம்பர் 17

வணக்கத்துக்குரிய அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. உங்கள் உடல்நலத்தை வேண்டுகிறேன். தம்பி, ஒரு வரி விடாமல் வாசி.

அப்பா, கதவு முட்டுவது மழையால் அல்ல. சரிவு நகர்கிறது. உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அளக்காத மேடா? நோய் வந்து செத்த மரங்களின் வேர் அழுகிவிட்டது. அது இனி மண்ணைப் பிடிக்காது. இந்தக் கடிதம் வாசித்து முடித்த கையோடு எழுந்து வெளியே வாருங்கள். முன்னறை போதாது, வீட்டையே விட்டு வாருங்கள். எனக்கு லீவு தரவில்லை, தந்தாலும் இரண்டு நாள் பயணம். இந்தக் காகிதம் எனக்கு முன்னால் வந்து சேரும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா.

உங்கள் மகள்

செப்டம்பர் 29

அக்காவுக்கு,

வாசித்தேன். ஒரு வரி விடவில்லை.

அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவளும் நோய்னுதான் எழுதியிருக்காளா?" என்றார். ஆமாம் என்றேன். "நோய்தானே?" என்று மறுபடி கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். "அப்ப சரி. நோய் வந்த மரத்த விட்டுட்டு ஓட எனக்கு மனசு வரல. நீங்க போங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். குண்டுக்கட்டாகத் தூக்கவும் பார்த்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடி இன்னும் பழைய பிடிதான்.

அவர் கேட்ட விதம் எனக்கு உறுத்துகிறது. மழை விடவே இல்லை. நாக்கு நுனி வரை வருகிறது, அவர் முகத்தைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறது. எப்படியும் சொல்லிவிடுவேன்.

நீ நலம்தானே?

தம்பி

அக்டோபர் 9

அண்ணிக்கு,

வணக்கம். மாமா, உங்கள் தம்பி, பாப்பா, நான், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதச் சொன்னார் மாமா. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். உங்கள் தம்பி பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார்.

மேடு வந்துவிட்டது. பின்னறை இல்லை. நடு அறையில் பாதி இல்லை. கிணறு எங்கே இருந்தது என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலம் அவரும் மாமாவும் பின்னறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று மாமா தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார், இத்தனை நாள் அசையாத மனுஷன். "சுவர் ஊறிப்போச்சு, பூசணும். ரெண்டு நாள் நண்பன் வீட்டு மாடில இருப்போம்" என்றார் உங்கள் தம்பி. சுவர் பூசுவதற்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன்.

காலையில் மழை விட்டிருந்தது. சாமான் ஏற்ற வண்டி கேட்க அவர் பணிமனைக்குப் போயிருந்தார். பாப்பாவுக்கு மாற்றுத்துணி இல்லை. பூச்சு வேலை நடந்தால் துணியெல்லாம் பாழாகிவிடுமே என்று, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நடு அறையில் தொட்டில் துணி முடிச்சு இறுகிக்கிடந்தது. அவளைக் கீழே உட்காரவைத்துவிட்டு இரண்டு கையாலும் அவிழ்த்தேன். சுவருக்குள் யாரோ அரிசி கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். பூட்டு என் கையிலேயே இருந்தது, கதவு உள்ளே போய்விட்டது. தெருவுக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது.

இனி மாமா சொல்வது, அப்படியே எழுதுகிறேன்:

"பூச்சி அரிச்சா ஓரம் பிசிறு பிசிறா இருக்கும். இது கத்தி வச்ச ஓரம். தாருக்கு அடியில விரல விட்டுப் பாத்தேன், எல்லா மரத்துலயும் இடுப்பு உயரத்துல. மொத நாளே தெரியும் எனக்கு. அவன் வாயால சொல்லட்டும்னு இருந்தேன். நானா எழுந்து போயிட்டா அவன் சொல்ல வேண்டியதே இல்லாம போயிடுமே. மண்ணு வரும்னு எனக்குத் தெரியாதா? உன் கடுதாசில நீயாவது எழுதுவேன்னு பாத்தேன். நீயும் நோய்னுதான் எழுதின. கடைசியில சொல்லிட்டான். எழுந்து வந்துட்டேன். போகட்டும், உசுரு தப்பிச்சது."

இதுவரை எழுதிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எழுதிட்டியாம்மா?" என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டேன். இனி வருவது நான் எழுதுவது.

நோய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவருக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். உங்களுக்கு மண் எந்த மழையில் வரும் என்பதுகூடத் தெரியும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். என் பிள்ளை பகலெல்லாம் அந்தப் பின்னறையில் விளையாடினாள். இரவெல்லாம் அந்தச் சுவரோரம் தூங்கினாள். எல்லாம் முடிந்த பிறகு, மாமாவுக்காகக் கடிதம் எழுதும்போது எனக்குத் தெரிகிறது.

அவரிடம் கேட்டேன். "உனக்காகத்தானே செஞ்சேன், நீ குடம் சுமந்தியே" என்று அழுகிறார். குடம் சுமந்தேன்தான், அண்ணி. ஊமையாகச் சுமக்கவில்லையே. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னும் பத்து வருஷம் சுமக்கிறேன், மரத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். எனக்கு அவர் மேல் அன்பு போய்விடவில்லை. அவர் பேச்சைக் கேட்டு ஒரு அறைக்குள் பிள்ளையைத் தூங்கவைக்கிற தைரியம் போய்விட்டது.

நாளைக் காலை பாப்பாவோடு என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். திரும்பும் நாளை இன்னும் முடிவு செய்யவில்லை.

மேட்டில் பாதி இன்னும் மேலேயே நிற்கிறது. அதற்குக் கீழே வேறு வீடுகள் இருக்கின்றன. அது நிற்குமா, வருமா, யாரெல்லாம் வெளியேற வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்ததை உடனே எழுதுங்கள். தம்பிக்கு வேண்டாம், மாமாவுக்கும் வேண்டாம். அம்மா வீட்டு முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. எனக்கு எழுதுங்கள். நான் படித்து அவர்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி